தோற்றப்படமும் யதார்த்தமும்

நமது கரையோர ஊர்களில் ஒரு வீதி அகலிக்கப்படுவதற்கு முன்னர், ஒரு பஸ் நிலையமோ துறைமுகமோ எழும்புவதற்கு முன்னர், கல்லும் மணலும் வந்து இறங்குவதற்கு முன்னர், ஒரு படம் வந்து சேர்ந்துவிடுகிறது. சந்தியிலே நாட்டப்படும் பெரிய தட்டியில் அது இடம்பெறுகிறது, பத்திரிகையில் அச்சாகிறது, தேர்தற் காலமாயின் வீடுவீடாக வந்து கைகளிலும் சேர்கிறது. கட்டடக் கலைஞர் இதனை உத்தேசத் தோற்றப்படம் என்பர். மக்கள் ‘த்ரீ டி படம்’ என்று சுருக்கமாகச் சொல்லுவர். நீல வானம், கண்ணாடிச் சுவர், நிழல் தரும் மரங்கள், துப்புரவான நடைபாதை, சிரித்த முகத்துடன் நடந்து செல்லும் நாலைந்து பேர். இவ்வளவே அதன் உள்ளடக்கம்.

ஒரு சிறுகதை வெளிவந்தால் அது வாழ்க்கைக்கு உண்மையாக இருக்கிறதா என்று கேட்கின்றோம். ஒரு நாவலில் உழைப்பாளி இடம்பெறாவிடின் ஏன் என்று வினவுகின்றோம். ஆனால், ஆயிரக்கணக்கான மக்கள் பார்த்து, நம்பி, தம் நிலத்தையும் வாக்கையும் கொடுப்பதற்குக் காரணமாகும் இந்தப் படத்தை விமர்சிப்பார் இல்லை. இலக்கியப் பத்திரிகைக்கும் பஸ் நிலையப் படத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். இதற்கும் கதை உண்டு, பாத்திரங்கள் உண்டு, பொழுதும் பருவமும் உண்டு, சொல்பவனுடைய நோக்குநிலையும் உண்டு. இவையெல்லாம் உள்ள ஒன்றை இலக்கிய விமர்சனத்தின் அளவுகோலால் அளப்பதில் பிழை இருக்க முடியாது.

முதலில் இப்படம் எத்தகையது என்பதை நோக்குவோம். ஒரு கட்டடத்தை உண்மையில் எழுப்புவதற்குப் பயன்படுபவை தரைப்படமும், வெட்டுமுகப் படமும், முகப்புப் படமுமாகும். அவற்றில் அளவுகோல் உண்டு. தூணின் பருமன் எவ்வளவு, படிகள் எத்தனை, நடைபாதையின் அகலம் எத்தனை அடி என்பதை யாரும் அளந்து பார்க்கலாம். ஒப்பந்தக்காரரைக் கட்டுப்படுத்துபவையும் அவையே. தோற்றப்படத்திலோ அளவுகோல் இல்லை. அதனை நம்பி நிலத்தைக் கொடுத்தவர், பின்னர் அதைக் கையிலே பிடித்துக்கொண்டு எவரையும் பொறுப்புக் கூறவைப்பது அரிது. படத்தின் மூலையில் பொடி எழுத்தில் ‘இது கலைஞரின் கற்பனை’ என்று எழுதிவிட்டால் பொறுப்பு அத்துடன் முடிந்துவிடுகிறது. அளந்து பார்க்கத்தக்க படம் அலுவலகக் கோப்பில் இருக்கிறது. அளக்க முடியாத படம் சந்தியில் நிற்கிறது. இந்த ஏற்பாடு யாருக்கு வாய்ப்பானது என்று விளக்க வேண்டியதில்லை.

இப்படம் பொய் சொல்லும் முறைகள் சில உள. கமராவின் வில்லையை அகலமாக வைத்தால் ஒடுங்கிய வீதி விரிந்து தோன்றும். பறவையின் உயரத்திலிருந்து வரைந்தால் மேம்பாலம் மெல்லிய நாடா போலக் காணப்படும். அதன் கீழ் நடப்பவன் நிமிர்ந்து பார்க்கும் கொங்கிறீற்றுக் கூரையும், பகலிலும் கவிந்திருக்கும் நிழலும் மறைந்துபோகும். அந்திப் பொன்வெயிலில் வரைந்தால் எந்தச் சுவரும் அழகாகும். கட்டி முடிந்த நாளில் நடப்படும் கன்று, படத்திலே இருபது ஆண்டு வளர்ந்த மரமாக நிற்கும். மின்கம்பிகள், குளிரூட்டிப் பெட்டிகள், விளம்பரத் தட்டிகள், வேலிகள், வரிசையில் நிற்கும் கூட்டம் ஆகிய யாவும் நீக்கப்படும். இவற்றுள் ஒவ்வொன்றும் தனித்தனியே சிறிய சலுகைதான். எல்லாம் ஒன்றுசேரும்போது, இல்லாத ஓர் ஊர் நமக்குக் காட்டப்படுகிறது.

இது கணினி வந்தபின் பிறந்த நோயென்று கருதுவது தவறு. இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிலவடிவமைப்பாளராக விளங்கிய ஹம்ப்றி றெப்டன், நிலப்பிரபுக்களுக்குச் சிவப்பு அட்டையிட்ட ஏடுகளைத் தயாரித்துக் கொடுத்து வந்தார். அவற்றிலுள்ள படங்கள் பலவற்றின் மேல் ஒரு மடிப்புத் தாள் ஒட்டப்பட்டிருக்கும். தாள் மூடியிருக்கையில் தோட்டத்தின் இன்றைய நிலை தெரியும். அதனைத் தூக்கினால் நாளைய நிலை தெரியும். 1816இல் வெளியான நூலில் தமது குடிலிலிருந்து தெரியும் காட்சியையே அவர் இவ்விதம் காட்டினார். முதற் படத்தில் வேலியோரம் ஓர் ஊனமுற்ற பிச்சைக்காரன் நிற்கிறான். எதிரே இறைச்சிக் கடை தெரிகிறது. தாளைத் தூக்கினால் வேலி முன்னே நகர்ந்திருக்கிறது, பிச்சைக்காரனைக் காணவில்லை, இறைச்சிக் கடையைச் செடிகொடிகள் மறைத்துவிட்டன. அந்த மனிதன் எங்கே போனான் என்று படம் சொல்லவில்லை. சென்ற 200 ஆண்டுகளாக இந்த மடிப்புத் தாள் உலகெங்கும் தூக்கப்பட்டு வருகிறது.

நமது மண்ணுக்கு வருவோம். ஒலுவில் துறைமுகத்தை அறியாதார் அம்பாறைக் கரையில் இல்லை. 1994 முதல் 2000இல் தம் மரணம் வரை துறைமுக அமைச்சைக் கையில் வைத்திருந்த எம்.எச்.எம். அஷ்ரஃப் கண்ட கனவு அது. ஒலுவிலிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எழுந்ததும் அவர் காலத்திலேயே. நெல்லும் மீனும் விளைந்தும் சந்தைக்குத் தொலைவில் கிடந்த மக்களுக்குத் தம் கரையில் ஒரு துறைமுகம் வேண்டுமென்ற ஆசை நியாயமானது. அதனை எள்ளி நகையாடுவோருடன் நாம் சேரமாட்டோம். டென்மார்க் நாட்டுக் கடனுதவியுடன் 2008இல் வேலை தொடங்கியது. 2013 செப்டம்பர் 1ஆம் தேதி துறைமுகம் திறந்து வைக்கப்பட்டது.

பின் நடந்ததை ஊரறியும். இக்கரையிலே அலைகள் மணலை ஓயாது தெற்கிலிருந்து வடக்காகக் கொண்டுசெல்கின்றன. கடலுக்குள் நீட்டப்பட்ட அலைதடுப்புச் சுவர் அந்த ஓட்டத்தை மறித்தது. துறைமுக வாயில் மணலால் தூர்ந்தது. வடக்கே மணல் கிடைக்காத கரை அரிக்கப்பட்டது. ஒலுவிலின் தென்னைகளும் நிலமும் கடலோடு போயின. நிந்தவூர்ப் பக்கமும் அரிப்பு எட்டியது. வாயிலைத் தோண்டித் தரவேண்டுமென்று படகுக்காரர் ஒரு பக்கம் குரல் எழுப்ப, கரையைக் காத்துத் தரவேண்டுமென்று ஊரவர் மறுபக்கம் குரல் எழுப்பினர். இரு சாராரும் உழைத்து உண்பவரே. இருவரையும் எதிரெதிரே நிறுத்தியது ஒரு சுவர். வணிகக் கப்பல்கள் வந்து போகும் துறைமுகமாக அது நிலைபெறவேயில்லை.

இதில் விமர்சகன் கவனிக்க வேண்டியது யாதெனில், ஒரு துறைமுகத்தின் தோற்றப்படம் கடலை அசையாத நீலத் தளமாகவே வரைகிறது என்பதாகும். மணலின் நடமாட்டம் அதில் இடம்பெற வழியில்லை. படத்திலே காலம் நின்றுவிடுகிறது. கரையிலே காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால், தலைமுறை தலைமுறையாகக் கரைவலை இழுத்தவனுக்கு, எந்த மாதத்தில் மணல் எந்தப் பக்கம் ஏறும் என்பது தெரியும். அவனிடம் அப்படத்தைக் காட்டி, ‘இதில் எது பிழை?’ என்று முன்கூட்டியே கேட்பதுதான் முறை. படம் திறப்பு விழா மேடைக்கு மட்டும் வந்து, வாடிகளுக்கு வராதுபோனால், அதன் பிழையைத் திருத்தக்கூடியவன் அதைப் பார்ப்பதேயில்லை.

தலைநகரின் கதை வேறொரு பாடம் தருகிறது. மாலபேயிலிருந்து கோட்டை வரை சுமார் 16 கிலோமீற்றர் தூரம், 16 நிலையங்களுடன், உயர்ந்த தூண்களின் மேல் ஓடும் இலகு ரயில் ஒன்றுக்காக 2019 மார்ச்சில் ஜப்பானிய நிறுவனமான ஜைக்காவுடன் கடன் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அதன் தோற்றப்படங்கள் பத்திரிகைகளை நிறைத்தன. 2020 செப்டம்பரில் அடுத்து வந்த அரசாங்கம், செலவு மிக்கது, கொழும்புக்குப் பொருத்தமற்றது என்று கூறி அத்திட்டத்தை நிறுத்தியது. நிறுத்தியது சரியா தவறா என்ற வாதத்தில் இங்கே நாம் இறங்கவில்லை. தண்டவாளம் ஒரு முழங்கூடப் போடப்படாத ரயிலில் மக்கள் ஏறி இறங்குவது போன்ற படம் நாடெங்கும் பரவியிருந்தது என்பதே கவனத்துக்குரியது. அந்தப் படத்தினால் ஒரு சாரார் புகழ் தேடினர். அதனை நிறுத்தியதனால் மறுசாரார் சிக்கனக்காரர் என்ற பெயர் தேடினர். மாலபே வீதியில் பஸ்ஸிலே தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனவர் அதே பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தார். நமது கிழக்குக்கோ ரயில்பாதை மட்டக்களப்புடன் முடிந்துவிடுகிறது. அதற்குத் தெற்கே காத்தான்குடியிலிருந்து பொத்துவில் வரை தண்டவாளம் கிடையாது. இங்கும் ஒருநாள் ரயிலின் படம் வரும். படம் வரும்போது அதைப் படிக்கத் தெரிந்தவர்களாக நாம் இருத்தல் வேண்டும்.

கடல் கடந்து சென்னையை நோக்கினால் அங்கும் இதே கதைதான். கடற்கரை நிலையத்திலிருந்து வேளச்சேரி வரை 2007இல் முழுமை பெற்ற பறக்கும் ரயில், பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே பெரும்பகுதி செல்கிறது. அதன் தூண்கள் கால்வாயின் உள்ளேயே ஊன்றப்பட்டன. வெள்ளம் ஓட வேண்டிய வழி ஒடுங்கியது. நிலையங்கள் வணிக வளாகங்களுக்கும் இடம் வைத்துப் பென்னம்பெரிதாக எழுப்பப்பட்டன. அந்தத் தளங்கள் பல ஆண்டுக்கணக்கில் வெறுமையாகவும் இருளாகவும் கிடந்தன. நகருக்குத் தெற்கே கிளாம்பாக்கத்தில் சுமார் 88 ஏக்கரில், ஏறத்தாழ 394 கோடி இந்திய ரூபாய் செலவில் அமைந்த பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30இல் திறக்கப்பட்டது. கட்டடம் பெரிது, துப்புரவானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் திறந்த நாளில் அதன் எதிரே செல்லும் ரயில்பாதையில் ஒரு நிலையம் இல்லை. தென்மாவட்டத்திலிருந்து மூட்டையுடனும் பிள்ளையுடனும் அதிகாலையில் வந்திறங்கியவர், நகருக்குள் செல்ல மீண்டும் ஒரு பஸ் தேட வேண்டியிருந்தது. தோற்றப்படம் கட்டடத்தைக் காட்டும், பயணத்தைக் காட்டாது. பிரயாணிக்குத் தேவையானதோ பயணம்.

இவையெல்லாம் ஏழை நாடுகளின் குறைபாடு என்று சொல்லித் தப்ப முடியாது. உலகின் செல்வத்தலைநகரான நியூயோர்க்கிலே, 2001இல் தகர்ந்த உலக வர்த்தக மையத்தின் அருகே எழுந்த ரயில் நிலையத்துக்கு ஸ்பானியக் கட்டடக் கலைஞர் சந்தியாகோ கலத்ராவா 2004இல் தோற்றம் வரைந்து காட்டினார். சிறகு விரிக்கும் பறவை போன்ற கூரை. அந்தச் சிறகுகள் அசைந்து திறக்குமென்றும் சொல்லப்பட்டது. செலவு சுமார் 200 கோடி டொலர் என மதிப்பிடப்பட்டது. சிறகுகள் அசையும் ஏற்பாடு 2008இல் கைவிடப்பட்டது. 2016 மார்ச்சில் நிலையம் திறந்தபோது செலவு ஏறத்தாழ 400 கோடி டொலரை எட்டியிருந்தது. செலவு இருமடங்காயிற்று, பறவை பறக்கவில்லை.

இவ்விடத்தில் நமது வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படக்கூடியவற்றையும் நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். கனவில்லாமல் எந்தக் கட்டடமும் எழாது என்பர். தரைப்படத்தையும் வெட்டுமுகத்தையும் சாதாரண மக்களால் படித்தறிய முடியாது. ஆகவே அவர்களுக்காகவே இப்படம் என்பர். இரண்டும் உண்மையே. படத்தைத் தடைசெய்ய வேண்டுமென்று நாம் கூறவில்லை. இப்படங்களை இராப்பகலாகக் கணினி முன் அமர்ந்து வரைபவர்கள் பெரும்பாலும் குறைந்த சம்பளம் பெறும் இளைஞர்களே. ‘இன்னும் கொஞ்சம் மரம் போடு, வானத்தை நீலமாக்கு’ என்ற கட்டளை அவர்களுக்கு மேலிருந்து வருகிறது. அவர்கள்மீது நமக்குக் குரோதமில்லை.

யதார்த்தவாதம் என்பது உள்ளதை உள்ளவாறே பிரதிசெய்வதன்று என்பதை முற்போக்கு எழுத்தாளர் என்றோ தெளிவுபடுத்திவிட்டனர். நாளை வரவிருக்கும் நல்வாழ்வையும் யதார்த்தவாதம் காட்டும். ஆனால், இன்றைய நிலைமைகளிலிருந்து அந்த நாளைக்குச் செல்லும் வழியையும் சேர்த்தே காட்டும். வழியை மறைத்து முடிவை மட்டும் காட்டுவது வெறும் கற்பனாவாதம். அதனை விற்பனைக்கும் பயன்படுத்தினால் அது மோசடி. நம்பிக்கையூட்டும் படத்துக்கும் ஏமாற்றும் படத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

துல்லியமாக வரைதல் இயலாததும் அன்று. லண்டன் மாநகரத்தில் புனித போல் தேவாலயம் முதலியவற்றின் காட்சியைக் காப்பதற்கென வகுத்த விதிகளின்படி, உயர்ந்த கட்டடம் எழுப்ப முன்வருவோர் சரிபார்க்கத்தக்க படங்களைத் தர வேண்டும். புகைப்படம் எந்த இடத்தில், எந்த உயரத்தில், எந்த வில்லையால் எடுக்கப்பட்டது என்பதெல்லாம் நிலஅளவை செய்து பதியப்படும். கட்டடம் அந்தப் புகைப்படத்தில் கணக்குப்படி பொருத்தப்படும். படம் பருமனை மட்டும் காட்டுகிறதா, வடிவத்தையும் காட்டுகிறதா, கட்டுபொருளையும் காட்டுகிறதா என்பது தரம்பிரித்துக் கூறப்படும். ஒரு தேவாலயத்தின் கோபுரம் தெரிவதற்காக இவ்வளவு நுட்பம் பேண முடியுமாயின், ஒரு மனிதனின் வீடும் தோணியும் நிலைப்பதற்காக ஏன் பேண முடியாது?

அடுத்து, படத்தில் உள்ள மனிதர்களைப் பற்றிக் கூறுவோம். ஈழத்திலே 1960களின் தொடக்கத்தில் நடந்த மரபு விவாதத்தை நமது ஆசிரியர்கள் அறிவர். சாதாரண மக்களின் பேச்சையும் வாழ்வையும் எழுத்தில் கொணர்ந்தவர்களை நோக்கி, இது இழிசனர் வழக்கு, இலக்கியத்துக்கு உரியதன்று என்று பண்டிதர் சிலர் முழங்கினர். அந்த விவாதத்தில் மக்கள் பக்கம் வென்றது. ஆனால், தோற்றப்படத்தில் இன்னும் பண்டிதர் ஆட்சியே நடக்கிறது. கணினிச் சேமிப்பிலிருந்து எடுத்து ஒட்டப்பட்ட உருவங்களே அதிலே நடக்கின்றன. கைப்பெட்டியும் மேற்சட்டையும் அணிந்த அவர்கள் கல்முனையில் மட்டுமல்ல, இலங்கையிலேயே பிறந்தவர்களல்லர்.

கல்முனைப் பஸ் தரிப்பிடத்தில் நிற்பவர் யார்? அம்பாறை ஆஸ்பத்திரிக்கோ மட்டக்களப்புக்கோ நோயாளியை அழைத்துச் செல்லும் உம்மா. மருதமுனையிலிருந்து நெசவுத் துணிக்கட்டுடன் வந்த வியாபாரி. சைக்கிளில் மீன்பெட்டி கட்டியவர். பாண்டிருப்பிலிருந்து மரக்கறி கொணர்ந்த தமிழ்ப் பெண். ஓதப் போகும் பிள்ளைகள். பல்கலைக்கழகத்துக்குப் போகும் மாணவியர். சவாரிக்குக் காத்திருக்கும் ஆட்டோக்காரர். நடைபாதையிலே பழம் விற்பவர். இவர்களை வரையாத ஓவியன் இவர்களுக்கு வேண்டியதையும் வரையமாட்டான். மீன்பெட்டியை இறக்க ஓர் இடம், பெண்களுக்குத் துப்புரவான கழிப்பிடம், தொழுகைக்கு ஒதுங்க ஓரிடம், பழக்கடைக்கு ஒரு நிழல் என்பவை படத்தில் இல்லாமற் போவது தற்செயல் அன்று. படத்தில் இல்லாத மனிதன் கட்டடத்திலும் இடம் பெறுவதில்லை. திறப்பு விழாவுக்கு மறுநாள் அவன் ‘இடையூறு’ என்று பெயர் சூட்டப்பட்டு அகற்றப்படுகிறான்.

படத்தில் இடம்பெறாத மற்றொன்று மழை. எப்படத்திலும் வீதி காய்ந்தே கிடக்கும். நமது கரையோ கடலுக்கும் வயலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணற்பட்டி. வாடைக்காற்று மழையில் மேற்கே கரைவாகு வட்டைகளில் தேங்கும் நீர் இப்பட்டியைக் கடந்தே கடலைச் சேர வேண்டும். ஒவ்வொரு வீதியும், ஒவ்வொரு நிரப்பப்பட்ட காணியும் அந்த நீரின் குறுக்கே நிற்கிறது. 2024 நவம்பர் இறுதியில் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியைக் கடந்த வெள்ளத்தில், மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய சிறுவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். அந்தத் துயரத்தை வாதத்துக்காக இங்கே நாம் இழுக்கவில்லை. போக்குவரத்துத் திட்டமொன்றில் துல்லியம் என்பது அழகுணர்ச்சி பற்றிய நுணுக்கமன்று, உயிர் பற்றியது என்பதை உணர்த்துவதற்கே கூறினோம். வெள்ளக் காலத்தில் அவ்விடம் எவ்வாறு இருக்கும் என்று காட்டாத வீதிப்படம் நமது மண்ணுக்குப் பாதிப் படம்கூட அன்று.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை சில உள. மக்கள் முன் வைக்கப்படும் ஒவ்வொரு தோற்றப்படமும் எந்த இடத்தில் நின்று பார்த்தது என்பதைக் கூற வேண்டும். அது தரையில் நிற்கும் மனிதனின் கண் உயரத்தில் அமைய வேண்டும். மார்கழி மழையில் ஒரு காட்சியும், மரக்கன்று நட்ட முதலாண்டில் ஒரு காட்சியும் உடன் இருக்க வேண்டும். அளவுகள் எழுதிய வெட்டுமுகப் படம் அதே தட்டியில், நமது மொழியில் இடம்பெற வேண்டும். படத்தில் காட்டியவற்றுள் ஒப்பந்தத்தில் அடங்கியவை எவை, அடங்காதவை எவை என்பது பெரிய எழுத்தில் அச்சிடப்பட வேண்டும். திறப்பு விழாவின்போது அந்தப் பழைய படமும் கட்டடத்தின் பக்கத்தில் நிறுத்தப்பட வேண்டும்.

இதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், ஒரு திட்டம் தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே அதுபற்றிய தகவல்களைப் பொதுமக்களுக்கும், குறிப்பாக அதனால் பாதிக்கப்படக்கூடியோருக்கும் தெரிவிக்க வேண்டிய கடமையை உரிய அமைச்சர்மீது சுமத்துகிறது. கேட்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. கேட்கும் பழக்கத்தை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

இதில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் பெரும் பங்குண்டு. சித்திரப் பாடமும் கணிதப் பாடமும் புவியியற் பாடமும் சந்திக்குமிடம் இதுவே. சந்தியில் ஒரு படம் வந்து நின்றால், மாணவர் அளவு நாடாவுடன் அவ்விடம் சென்று, படத்து வீதியின் அகலத்தையும் உண்மை வீதியின் அகலத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஒரு மணி நேரம் நின்று, அவ்வழியே போவோர் யார் யாரென எண்ணி, அவர்களில் எத்தனை பேர் படத்தில் இருக்கிறார்கள் என்று எழுதட்டும். மூத்த மீனவரிடமும் வெள்ளாண்மை செய்வோரிடமும் நீரும் மணலும் போகும் திசையைக் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். அந்தக் குறிப்பை மாநகர சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் அனுப்பட்டும். ஒரு நாவலைப் படித்து அதன் உண்மையை ஆராயப் பழகிய கண்ணுக்கு இது கடினமான வேலையன்று. படம் வரைபவர்கள் தம்மைச் சரிபார்க்க ஆட்கள் இருக்கிறார்கள் என்று அறிந்தால், அடுத்த படத்தை இன்னும் சற்று உண்மையாகவே வரைவர்.